கட்டட வேலை எடுக்கும் சகோதரர்களுக்கு: கடக்கால் தோண்டுமுன் ஒரு காகிதம்



நம் டிரஸ்டுக்கு வட்டியில்லாக் கடன் கேட்டு வந்த மனுக்களை, சென்ற ரமளானுக்குப் பிறகு வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தோம். மகளின் நிக்காஹ், ஆஸ்பத்திரிச் செலவு, கல்லூரிக் கட்டணம் என்ற வழக்கமான காரணங்களுக்கு நடுவே ஒரு காரணம் திரும்பத் திரும்ப வந்தது. வேலையை முடித்துக் கொடுத்துவிட்டோம், பணம் வரவில்லை என்பதே அது. எழுதியவர்கள் கொத்தனார் மேஸ்திரிகள், டைல்ஸ் ஒட்டுபவர்கள், பெயிண்டிங் காண்டிராக்ட் எடுப்பவர்கள், சென்ட்ரிங் சாமான் வைத்துத் தொழில் செய்பவர்கள். வீட்டுக்காரரிடமிருந்து பணம் வருமுன்னே சனிக்கிழமை ஆள் கூலி கொடுத்தாக வேண்டும் என்பதற்காக மனைவியின் வளையலை அடகு வைத்தவர்களும் இவர்களில் உண்டு. நாம் கொடுக்கும் வட்டியில்லாக் கடனில் பாதி, வட்டிக்கடையிலிருந்து நகையை மீட்கத்தான் போகிறது.

அவர்களிடம் நாங்கள் கேட்ட முதல் கேள்வி, எழுத்தில் என்ன இருக்கிறது என்பதுதான். "தெரிஞ்ச வீடு பாய், எழுதிக் கேட்டா என்ன நெனப்பாங்க?" என்பதே பெரும்பாலும் கிடைத்த பதில். சிலர் டைரியைக் காட்டினார்கள். ஒருவர் சிமெண்ட் மூட்டைக் காகிதத்தின் பின்பக்கம் போட்ட கணக்கைக் கொண்டுவந்தார். அதில் வீட்டுக்காரரின் கையெழுத்து இல்லை, தேதியும் இல்லை.

இந்த இதழில் அவர்களுக்காக எழுதுகிறோம். வீடு கட்டத் தொடங்கும் குடும்பங்களும் படிக்க வேண்டும், ஏனென்றால் தகராறு வரும்போது இரண்டு பக்கமும் நம் மஹல்லாவாகவே இருக்கிறது. நாங்கள் வக்கீல்கள் இல்லை. டிரஸ்டுக்கு உதவும் வழக்கறிஞர் சகோதரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், பஞ்சாயத்தில் உட்கார்ந்து பட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துத் தருகிறோம். பட்டதில் எங்கள் தவறும் ஒன்று இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறோம்.

வாய்ச்சொல் செல்லுமா?

வாயால் பேசிய ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் இப்படிப்பட்ட வேலைக்கு எழுத்து கட்டாயம் என்று சொல்லவில்லை. அதன் 70ஆவது பிரிவு இன்னும் ஒரு படி போகிறது. இனாமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் முறையாகச் செய்த வேலையின் பலனை மற்றவர் அனுபவித்தால், அதற்கு ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. ஆகவே காகிதம் இல்லாத மேஸ்திரிக்கும் உரிமை உண்டு. அவரிடம் இல்லாதது சாட்சி. எத்தனை சதுர அடி, என்ன ரேட், இதுவரை எவ்வளவு வாங்கியாயிற்று, கைப்பிடிச் சுவர் ரேட்டுக்குள் வருமா வராதா என்று ஒவ்வொன்றையும் அவர்தான் நிரூபிக்க வேண்டும். அவருடைய சாட்சிகள் அவரிடமே கூலி வாங்கும் ஆட்கள். நீதிமன்றம் அவர்களை எந்த அளவுக்கு நம்பும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எழுதிக் கேட்டால் நம்பிக்கையில்லை என்று அர்த்தமாகிவிடுமே என்ற கூச்சம் நம் மக்களிடம் அதிகம். குர்ஆனிலேயே மிக நீளமான ஆயத், அல்பகரா 282, தவணைக்குக் கொடுக்கல் வாங்கல் செய்யும்போது எழுதிக்கொள்வதையும் சாட்சி வைப்பதையும் பற்றியதுதான். கைக்குக் கை நடக்கும் வியாபாரத்துக்கு அங்கே சலுகை இருக்கிறது. வீடு கட்டும் வேலை கைக்குக் கை முடிவதா? எட்டு மாதம், ஒரு வருடம் ஓடும் வேலை. ஒரு கிலோ கறி வாங்குவது போல அதைப் பேசி முடிக்கிறோம்.

கூலியா, சாமானோடா?

நீங்கள் எடுப்பது வெறும் கூலி வேலையா, சாமானும் சேர்த்தா என்பதை எழுத்தின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். மதரஸாவில் ஓதியவர்களுக்கு இந்தப் பிரிவு புதிதில்லை. உழைப்பை மட்டும் கொடுப்பது இஜாராவில் வரும். சாமானும் செய்பவருடையதாக இருந்தால் ஹனஃபி நூல்களில் அது இஸ்திஸ்னா என்ற தனிப் பாடம். செய்யப்போகும் பொருளின் இனம், அளவு, தன்மை ஆகியவை தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று அங்கே நிபந்தனை போடுவார்கள். "நல்ல டைல்ஸ்", "முதல் தரக் கதவு" என்று எழுதினால் போதாது என்பது அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. டைல்ஸ் என்றால் சதுர அடி என்ன விலை வரை, கம்பி எந்தக் கம்பெனி, மெயின் கதவு என்ன மரம், சுவிட்ச் பாயிண்ட் எத்தனை என்று எழுதுங்கள்.

வரிச் சட்டமும் இதே இடத்தில்தான் கோடு போடுகிறது. அடுக்குமாடித் தொகுப்பின் பகுதியாக இல்லாத ஒரு தனி வீட்டுக்கு, கூலி மட்டும் பேசிக் கட்டிக் கொடுக்கும் வேலைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருக்கிறது. கடைக்கோ கமர்ஷியல் கட்டடத்துக்கோ அந்த விலக்குக் கிடையாது. சாமானோடு எடுக்கும் வேலைக்குப் பொதுவாக 18 சதவீதம். நம் மாநிலத்தில் சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். இதில் லாபத்தைப் பார்ப்பதில்லை, மொத்த வரவைத்தான் பார்ப்பார்கள். சாமானோடு ஒரே ஒரு வீடு எடுத்தாலே 20 லட்சம் தாண்டிவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆகவே பேசும்போதே, இந்த ரேட்டில் ஜி.எஸ்.டி. சேருமா, தனியா என்று எழுதுங்கள். எழுதாமல் விட்டால், பின்னால் நோட்டீஸ் வரும்போது அந்த 18 சதவீதத்தை வீட்டுக்காரர் தரமாட்டார். உங்கள் மொத்த லாபமே அவ்வளவு இருக்காது. பதிவு செய்யாதவர் பில்லில் ஜி.எஸ்.டி. என்று போட்டு வசூலிப்பதும் கூடாது. அது வேறு குற்றம்.

எந்தச் சதுர அடி?

எங்கள் முன் வந்த தகராறுகளில் அதிகமானவை இந்த ஒரு வார்த்தையில் பிறந்தவை. "சதுர அடி 2,300 ரூபாய்" என்று இருவரும் மனமொத்துப் பேசியிருப்பார்கள். முடிவில் மேஸ்திரி அளந்தால் 1,180, வீட்டுக்காரர் கூட்டிவந்த இன்ஜினியர் அளந்தால் 1,040. வித்தியாசம் 140 அடி, அதாவது 3,22,000 ரூபாய். இருவரில் எவரும் பொய் சொல்லவில்லை. மேஸ்திரி மாடிப்படி ஹெட்ரூமையும் போர்டிகோவையும் முழுதாகச் சேர்த்தார், பால்கனியைச் சேர்த்தார், சன்ஷேடுக்குப் பாதி போட்டார். இன்ஜினியர் சுவருக்குள் அடங்கியதை மட்டும் அளந்தார். எந்த முறை சரி என்று எங்களைக் கேட்டார்கள். நாங்கள் என்ன சொல்ல? பேசாததற்கு யார் தீர்ப்புச் சொல்ல முடியும்?

ஆகவே அப்ரூவல் பிளானின் ஒரு நகலை எடுத்து, அதன் மேலேயே எழுதுங்கள். தரைத்தளம் இத்தனை அடி, முதல் மாடி இத்தனை, ஹெட்ரூம் முழு ரேட்டா பாதி ரேட்டா, போர்டிகோ எப்படி, சன்ஷேடும் லாஃப்டும் ரேட்டுக்குள்ளேயா. செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி, காம்பவுண்டு சுவர், மொட்டை மாடித் தட்டோடு ஆகியவை சதுர அடிக்குள் வராதவை என்றால் ஒவ்வொன்றுக்கும் தனித் தொகை. கடக்கால் ஆழம் எத்தனை அடி வரை ரேட்டுக்குள் வரும் என்பதையும் எழுத வேண்டும். நம் பகுதியில் ஒரு தெருவில் நாலடியில் கெட்டி மண் கிடைக்கும், அடுத்த தெருவில் ஏழடி போனாலும் களிமண்தான். இருவரும் அந்தப் பிளான் நகலின் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டால் ஒப்பந்தத்தில் பாதி முடிந்தது.

பிளான் என்றதும் ஒன்று. அப்ரூவல் கையில் வராமல் வேலை தொடங்காதீர்கள். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் தரைத்தளம், முதல் மாடி வீடுகளுக்குச் சுயசான்று முறையில் உடனடி அனுமதி 2024 ஜூலையிலிருந்து கிடைக்கிறது. அலைச்சல் அதிகம் என்ற சாக்குக்கு இப்போது இடமில்லை. பிளானை மீறி ஒரு அறை நீட்டச் சொன்னால் எழுதி வாங்குங்கள், முடிந்தால் மறுத்துவிடுங்கள். அதிகாரிகள் வேலையை நிறுத்தினால் உள்ளே மாட்டிக்கொள்வது உங்கள் சென்ட்ரிங் சாமான், அதற்கு நாள் வாடகை கட்டுவதும் நீங்கள்தான்.

மச்சான் சொன்னார், உம்மா சொன்னார்

நம் ஊரில் வீட்டுக்காரர் ஷார்ஜாவில் இருப்பார். சைட்டைப் பார்ப்பது மச்சான். சாயங்காலம் வீட்டுக்காரரின் உம்மா வந்து, அடுப்படி மேடையை இந்தப் பக்கம் மாற்றச் சொல்வார். வெள்ளிக்கிழமை மாமா வந்து, ஒளு செய்ய வெளியே ஒரு குழாயடி கட்டச் சொல்வார். மேஸ்திரி எல்லாருக்கும் "சரி"தான். பில்லில் 86,000 ரூபாய் எக்ஸ்ட்ரா வேலை என்று வரும்போது ஷார்ஜாவிலிருந்து, "நான் சொல்லவே இல்லையே" என்று பதில் வருகிறது. அதுவும் உண்மைதான்.

மாற்றம் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்று ஒரே ஒரு பெயரை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். வீட்டுக்காரர் சார்பில் மச்சான் கையெழுத்துப் போடுகிறார் என்றால், அவருக்குப் பவர் பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வீட்டுக்காரரே கையெழுத்திட்டு அனுப்பட்டும். எக்ஸ்ட்ரா வேலைக்கு ஒரு நூறு பக்க நோட்டுப் போதும். தேதி, என்ன வேலை, எவ்வளவு ரூபாய், எத்தனை நாள் கூடும், கீழே அந்த ஒருவரின் கையெழுத்து. கையெழுத்து வந்த பிறகுதான் சுத்தியலைத் தொட வேண்டும். உம்மா சொன்னதை மறுக்க முடியாதுதான். "மகனிடமிருந்து ஒரு வார்த்தை வரட்டும்மா, உடனே செஞ்சு தர்றேன்" என்று சொல்வதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

வாட்ஸ்அப்பில் வரும் செய்தியும் சாட்சியாகும். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவுப்படி உரிய சான்றிதழோடு அதை நீதிமன்றத்தில் காட்டலாம். ஆனால் போனைத் தொலைத்தாலோ எல்லாவற்றையும் அழித்துவிட்டாலோ பயனில்லை. குரல் செய்தியாகப் பேசி முடித்ததை, "நீங்கள் சொன்னபடி மேடை மாற்றுகிறேன், 14,000 ரூபாய் கூடும்" என்று எழுத்தாகத் திருப்பி அனுப்பி, "சரி" என்று ஒரு பதில் வாங்கி வையுங்கள்.

பணம் எப்போது வர வேண்டும்?

அட்வான்ஸ், பேஸ்மட்டம், லிண்டல், ரூப், பூச்சு, தரை, சாவி என்று தவணை பிரிப்பது வழக்கம். எவ்வளவு சதவீதம் என்பதைவிட, வேலைக்கு முன்பா பின்பா என்பதுதான் மேஸ்திரியைக் காப்பதும் கவிழ்ப்பதும். "ரூப் கான்கிரீட் முடிந்ததும் 5 லட்சம்" என்று எழுதியிருந்தால் கம்பி, சிமெண்ட், ஜல்லி, எம்-சாண்ட், சென்ட்ரிங், ஆள் கூலி எல்லாவற்றையும் முதலில் நீங்கள் போடுகிறீர்கள் என்று பொருள். கையில் அவ்வளவு பணம் உள்ள மேஸ்திரி நம்மில் எத்தனை பேர்? கடைக்காரரிடம் கடன், அது தாமதமானால் வட்டிக்காரர். வட்டி வாங்கும் எண்ணம் இல்லாத வீட்டுக்காரர், தன் வீட்டுக்காக இன்னொருவரை வட்டி கொடுக்க வைக்கிறார் என்பது அவருக்கே தெரிவதில்லை. "சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டியதும், கான்கிரீட் போடுமுன்" என்று மாற்றி எழுதினால் போதும். வீட்டுக்காரருக்கும் நஷ்டமில்லை. கட்டிய கம்பி அவர் கண்ணெதிரே நிற்கிறது, இன்ஜினியரை வைத்து எண்ணிப் பார்க்கலாம்.

குறை இருந்தால் சரிசெய்து தருவதற்காகக் கடைசியில் ஒரு தொகையைப் பிடித்து வைப்பதும் நியாயமே. 5 சதவீதமோ என்னவோ, அதைத் திருப்பித் தரும் தேதியை எழுதுங்கள். "ஒரு மழைக்காலம் போகட்டும்" என்று பேசினால் எந்த மழை என்று கேட்க வேண்டிவரும்.

விலை மாற்றத்துக்கும் ஒரு வரி வேண்டும். கம்பி, சிமெண்ட் விலை ஒப்பந்த நாளிலிருந்து இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏறினால் வித்தியாசம் வீட்டுக்காரருடையது என்று எழுதினால், இறங்கினால் அவருக்குக் குறைக்க வேண்டும் என்பதையும் எழுதுவதே நேர்மை. 2025 செப்டம்பர் 22 அன்று சிமெண்டுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தபோது, அந்தக் குறைவு யாருக்குச் சேரும் என்று கேட்டு எங்களிடம் ஒரு வீட்டுக்காரர் வந்தார். எழுதியிருக்கவில்லை.

தாமதம் பற்றியும் கேட்கிறார்கள். "ஒரு நாள் தாமதத்துக்கு 1,000 ரூபாய் அபராதம்" என்று ஒப்பந்தத்தில் போட்டுவிட்டால் அது அப்படியே கிடைத்துவிடும் என்று வீட்டுக்காரர்கள் எண்ணுகிறார்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவுப்படி நியாயமான ஈடுதான் கிடைக்கும். எழுதிய தொகை அதற்கு மேல்வரம்பு மட்டுமே. மேஸ்திரி பக்கத்தில், ஐப்பசி கார்த்திகை மழையால், பணம் தாமதமானதால், டைல்ஸ் தேர்வு செய்யாமல் இழுத்ததால் போன நாட்கள் கணக்கில் கூட்டப்படும் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தந்த நாளில் நோட்டில் குறித்தும் வையுங்கள்.

பணம் தாமதமானால் வட்டி போடலாமா என்று ஒரு சகோதரர் தயங்கிக் கேட்டார். சட்டம் வட்டி கேட்க இடம் தருகிறது, அதை எடுப்பது பற்றி நம் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதைத் தொடாமலே உங்களைக் காக்கும் வழி உண்டு. தவணை 10 நாள் தாமதமானால் எழுத்தில் அறிவித்து வேலையை நிறுத்தலாம், நிறுத்திய நாட்களில் சென்ட்ரிங் வாடகை, வாட்ச்மேன் சம்பளம் போன்ற உண்மையான செலவை வீட்டுக்காரர் ஏற்க வேண்டும் என்று எழுதுங்கள். இதில் வட்டி இல்லை, பட்ட செலவு மட்டுமே இருக்கிறது.

சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தால்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறோம், ஆனால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வேலையில் விபத்து நடந்து ஆள் இறந்தால் அவருக்கு வேலை கொடுத்தவர் ஈடு கொடுக்க வேண்டும். உங்கள் பக்கம் தவறு இல்லாவிட்டாலும் கொடுக்க வேண்டும். 1923ஆம் ஆண்டுச் சட்டமாக இருந்த இது, 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்குரிய எண்ணால் பெருக்குவதே கணக்கு. கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு 2020 ஜனவரியில் 15,000 ரூபாய் வரம்பு வைத்தார்கள். 30 வயதுக்குரிய எண் 207.98. அந்தக் கணக்கில் 30 வயதுக் கொத்தனாருக்கு 15,59,850 ரூபாய் வருகிறது. நம்மில் எந்த மேஸ்திரி இதைத் தாங்குவார்? பொது இன்சூரன்ஸ் கம்பெனிகளில் தொழிலாளர் ஈட்டுறுதிப் பாலிசியை ஒரு வேலைக்கு, அந்த வேலை நடக்கும் காலத்துக்கு மட்டுமே எடுக்கலாம். அந்தச் செலவை ரேட்டிலேயே சேர்த்துப் பேசுங்கள். இன்சூரன்ஸ் கூடுமா என்பதில் மனத்தயக்கம் உள்ளவர் ஆலிமிடம் கேட்கட்டும். அதனால் இறந்தவரின் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டியது குறையாது.

ஆட்களை, 18 முதல் 60 வயதுக்குட்பட்டவர்களை, தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்யுங்கள். பெயிண்டர், பிளம்பர், எலக்ட்ரீஷியன், டைல்ஸ் வேலை செய்பவர், சித்தாள் பெண்கள் எல்லாருக்கும் அங்கே இடமுண்டு. பிளான் அனுமதியின்போது வீட்டுக்காரர் கட்டும் 1 சதவீதம் இந்த நல நிதிக்குத்தான் போகிறது. நாம் பதிவு செய்யாததால் நம் ஆட்களுக்கு அது வருவதில்லை. வங்காளம், பீகாரிலிருந்து வந்து வேலை செய்பவர்களின் ஆதார் நகலையும், ஊரிலுள்ள குடும்பத்தின் போன் நம்பரையும் வாங்கி வையுங்கள். ஒரு முறை மையத்தைக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்குச் சொல்வது என்று தெரியாமல் நாங்கள் ஒரு நாள் முழுதும் நின்றிருக்கிறோம்.

மூன்று வருடம்

இனி எங்கள் தவறு.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு மேஸ்திரி, உள்ளூரிலேயே ஒருவருக்குக் கடைக் கட்டடம் கட்டிக் கொடுத்தார். 3,40,000 ரூபாய் பாக்கி. எழுத்து இல்லை. வழக்குப் போடப்போவதாக எங்களிடம் வந்து சொன்னார். "நம்மவர்களுக்குள் கோர்ட் எதற்கு, நாங்கள் பேசி வாங்கித் தருகிறோம்" என்றோம். நல்லெண்ணத்தில்தான் சொன்னோம். கட்டடக்காரரைக் கூப்பிட்டுப் பேசினோம். அவர் மறுக்கவே இல்லை, அடுத்த சீசன் முடிந்ததும் தருவதாகச் சொன்னார். அப்படி நான்கு முறை உட்கார்ந்தோம். ஒவ்வொரு முறையும் டீ குடித்து, துஆ ஓதிக் கலைந்தோம். எவரும் ஒரு வரி எழுதவில்லை. நான்காவது அமர்வுக்குப் பின் அவர் பேச்சை மாற்றினார், கணக்கெல்லாம் முடிந்துவிட்டது என்றார். வழக்கறிஞரிடம் போனபோது வேலை முடிந்து மூன்று வருடம் ஐந்து மாதம் ஆகியிருந்தது.

1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, பணம் கொடுக்கும் நாள் குறிக்கப்படாத வேலைக்கு, வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். நாள் குறித்திருந்தால் அந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். பஞ்சாயத்துப் பேசிய காலம் கழிக்கப்படாது. வாயால் தருகிறேன் என்று சொன்னதும் கணக்கில் வராது. அந்தச் சகோதரரின் மனைவியுடைய நகைகள் ஏலத்தில் போயின. நாங்கள் வழியில் குறுக்கே நின்றிருக்காவிட்டால் அவர் இரண்டாவது வருடமே வழக்குப் போட்டிருப்பார். அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். "விடுங்க பாய், நஸீப்" என்றார். அது எங்களுக்கு இன்னும் கனமாகத்தான் இருக்கிறது.

அதன் பிறகு நம் டிரஸ்டில் முறையை மாற்றிவிட்டோம். பணத் தகராறு என்று வருபவரிடம் முதலில் வேலை முடிந்த தேதியைக் கேட்கிறோம். இரண்டரை வருடம் தாண்டியிருந்தால் பேச உட்காருவதில்லை, வழக்கறிஞரிடம் அனுப்புகிறோம். உட்கார்ந்தால் முதல் அமர்விலேயே ஒரு தாள் எழுதி, பாக்கி இருப்பதை ஒப்புக்கொண்டு கொடுக்க வேண்டியவர் தேதியோடு கையெழுத்திட வேண்டும் என்கிறோம். மூன்று வருடத்துக்குள் இப்படிக் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டால், சட்டத்தின் 18ஆவது பிரிவுப்படி அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று வருடம் தொடங்கும். அவர் ஒரு சிறு தொகை கொடுத்துத் தன் கைப்பட எழுதியோ கையெழுத்திட்டோ தந்தாலும் அப்படியே. கையெழுத்துப் போட மறுப்பவர் பணம் கொடுக்கவும் மறுப்பார் என்று அன்றே தெரிந்துவிடுகிறது. மேஸ்திரிக்கு அதுவே ஒரு லாபம்.

வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தால் ஒரு சலுகை உண்டு. அவர் இந்தியாவில் இல்லாத காலத்தை அந்த மூன்று வருடத்திலிருந்து கழிக்க வேண்டும் என்று 15ஆவது பிரிவு சொல்கிறது. ஆகவே, காலம் போய்விட்டது என்று எண்ணி விட்டுவிட்ட வளைகுடாப் பாக்கிகள் இருந்தால் ஒரு முறை வழக்கறிஞரிடம் காட்டுங்கள். இதை நம்பி நாள் கடத்தவும் வேண்டாம்.

செக் வாங்கியிருந்தால் கணக்கு வேறு, நாட்களும் குறைவு. செக்கை அதிலுள்ள தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். திரும்பினால், வங்கி தெரிவித்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால் அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் புகார். திரும்பிய செக்கைப் பீரோவில் பத்திரமாக வைத்திருந்து ஒரு வருடம் கழித்துக் கொண்டுவருபவர்களைப் பார்க்கிறோம்.

3 லட்சம் ரூபாய்க்குக் குறையாத கட்டுமான ஒப்பந்தத் தகராறு வணிக நீதிமன்றச் சட்டத்தின் கீழ் வரலாம். அப்படியானால், அவசர உத்தரவு தேவைப்படாத வழக்கில் முதலில் அரசின் சமரச நடைமுறைக்குப் போக வேண்டும். அங்கே செலவாகும் காலம் மூன்று வருடத்தில் சேராது. எங்கள் பஞ்சாயத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் லோக் அதாலத்துக்கும் போகலாம். அங்கே முடியும் உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது.

வீடு கட்டுபவர்களுக்கும் ஒரு வரி. வீட்டுக் கட்டுமானம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவையாகச் சேர்க்கப்பட்டுள்ளது. வேலையில் குறை இருந்தால் இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். குறை இருக்கிறது என்று சொல்லி மொத்தப் பாக்கியையும் நிறுத்தி வைக்காமல், குறையைச் சரிசெய்ய ஆகும் தொகையை மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடுங்கள்.

மேலே சொன்னவற்றையெல்லாம் சேர்த்து, தமிழில் நான்கு பக்க மாதிரி ஒப்பந்தம் ஒன்றும் எக்ஸ்ட்ரா வேலை நோட்டும் டிரஸ்ட் அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். இன்ஷா அல்லாஹ் ஞாயிற்றுக்கிழமைகளில் அஸருக்குப் பின் வந்து இலவசமாகப் பெற்றுக்கொள்ளலாம். எந்த மதிப்பு முத்திரைத்தாளில் எழுதுவது என்பதை அன்றன்று பத்திர எழுத்தரிடம் கேட்டுக்கொள்ளவும். முத்திரைத் தீர்வை குறைந்த ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் காட்டுமுன் பாக்கித் தீர்வையும் அபராதமும் கட்ட வேண்டிவரும். நல வாரியப் பதிவுக்கு வருபவர்கள் ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக், ஒரு போட்டோ கொண்டுவரவும். பழைய பாக்கி உள்ளவர்கள் வேலை முடிந்த தேதியை ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்தால், அன்றே வழக்கறிஞர் சகோதரரிடம் காட்ட வசதியாக இருக்கும்.